கைகளும் கால்களும் செபித்த வரலாறு

பங்கில் வழிபாடு உயிரோட்டமாக இல்லை என்ற குறை எழும்போதெல்லாம் நமது சிந்தனை பாடகர் குழுவை நோக்கியே ஓடுகிறது. புதிய பாடல்கள் வேண்டும், நல்ல இசைக்கருவிகள் வேண்டும், ஒலிபெருக்கியை மாற்ற வேண்டும் என்று பங்குப் பேரவையில் பேசி முடிக்கிறோம். இசை இறைவன் தந்த கொடை. அதன் அருமையை மறுப்பார் இல்லை. ஆயினும் பாட வராதவர், குரல் தளர்ந்த முதியவர், செவிப்புலன் இழந்தவர், பாட்டுப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத தாய் ஆகியோருக்கு வழிபாட்டில் என்ன பங்கு? அவர்கள் வந்து, அமர்ந்து, பார்த்துவிட்டுப் போக வேண்டியவர்கள்தாமா?

திருச்சபையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இறைமக்கள் நாவினால் மட்டும் வழிபட்டதில்லை என்பது தெளிவாகும். கையால் வழிபட்டார்கள், காலால் நடந்து வழிபட்டார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு வழிபட்டார்கள், மௌனத்தாலும் வழிபட்டார்கள். அதே வரலாறு நமக்கு மற்றோர் உண்மையையும் கூறுகிறது. அது இனிப்பானதன்று. அதையும் மறைக்காமல் காண்பதே நேர்மையாகும்.

தொடக்கத் திருச்சபையில்

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டைப் பிற மதத்தவரான ஆட்சியாளருக்கு விளக்கி எழுதினார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் வாழ்வோர் ஓரிடத்தில் கூடுகின்றனர். இறைவாக்கு வாசிக்கப்படுகிறது, தலைவர் அறிவுரை கூறுகிறார். பின் அனைவரும் ஒருங்கே எழுந்து நின்று மன்றாடுகின்றனர். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. தலைவர் நன்றி கூறி முடிக்க, மக்கள் 'ஆமென்' என்று முழங்குகின்றனர். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் செல்கின்றனர். வசதி உள்ளவர்கள் மனமுவந்து தருவது அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் பகிரப்படுகிறது.

இந்த விவரிப்பை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். எழுந்து நிற்பது, கொண்டுவருவது, பகிர்ந்து கொடுப்பது, சுமந்து செல்வது என எங்கும் செயல்களே நிறைந்துள்ளன. வழிபாடு என்பது எல்லாருக்கும் வேலை இருந்த ஓர் இடமாக அன்று விளங்கியது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எஜீரியா என்ற பெண் திருப்பயணி எருசலேமுக்கு வந்தார். தாம் கண்டதைத் தம் நாட்டுச் சகோதரிகளுக்கு எழுதி வைத்தார். குருத்து ஞாயிறன்று மாலையில் மக்கள் அனைவரும் ஒலிவ மலையிலிருந்து ஆயருடன் நகரத்துக்குள் நடந்து வருகின்றனர். நடக்க இயலாத பச்சிளங் குழந்தைகளைப் பெற்றோர் சுமந்து வருகின்றனர். அக்குழந்தைகளின் கையிலும் கிளைகள் இருக்கின்றன. செல்வர்களும் கால்நடையாகவே வருகின்றனர். மக்கள் களைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பவனி மெல்ல மெல்லச் செல்கிறதாம். விரைந்து நடப்பவரின் வேகம் அங்கே அளவுகோலாக இல்லை. தளர்ந்தவரின் நடையே எல்லாருக்கும் நடையாயிற்று. இதைவிடச் சிறந்த வழிபாட்டுப் பாடம் வேண்டுமோ?

புனித வெள்ளியன்று திருச்சிலுவை மரம் மேசைமேல் வைக்கப்படுகிறது. மக்கள் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து, முதலில் நெற்றியாலும் பின் கண்களாலும் அதைத் தொட்டு, முத்தமிட்டுச் செல்கின்றனர். கையால் மட்டும் எவரும் தொடுவதில்லை. முன்னொரு முறை யாரோ ஒருவர் முத்தமிடும் சாக்கில் அம்மரத்தைக் கடித்து ஒரு துண்டைத் திருடிச் சென்றுவிட்டாராம். ஆகவே திருத்தொண்டர்கள் சுற்றிக் காவல் நிற்கின்றனர். இதைப் படிக்கையில் நமக்குப் புன்னகை வருகிறது. ஆயினும் தொடாமல் இருக்க முடியாத அந்த ஏக்கம் நம்முடையதும் அன்றோ!

பார்வையாளரான மக்கள்

காலம் செல்லச் செல்ல இந்நிலை மாறியது. மேலைத் திருச்சபையில் இலத்தீன் மொழி மக்களின் பேச்சிலிருந்து விலகியது. பீடம் தொலைவாயிற்று. குரு முணுமுணுத்த செபங்கள் மக்களின் செவிக்கு எட்டவில்லை. பங்கேற்பாளராய் இருந்தோர் பார்வையாளராயினர்.

ஆயினும் மக்களின் பக்தி சும்மா இருக்கவில்லை. பீடத்தருகே கிடைக்காத இடத்தை அது வேறு இடங்களில் தேடிக்கொண்டது. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, இத்தாலியில் கிரேச்சியோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோல் பரப்பிய முன்னணை ஒன்றை அமைத்தார். மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு அங்கே திரண்டனர். அந்த முன்னணையின் அருகே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பாலன் இயேசு பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே பிரான்சிஸின் ஆசையாக இருந்தது. இன்று நம் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் மணலும் புல்லும் கொண்டு அமைக்கும் குடிலுக்கு அந்த ஏழைத் துறவியே முன்னோடி.

சிலுவைப்பாதையும் இவ்வாறு வளர்ந்ததே. எருசலேமுக்குப் போக இயலாத ஏழை மக்கள் தம் ஊர்க் கோவிலுக்குள்ளேயே அப்பாதையை நடக்கத் தொடங்கினர். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து அதன் நிலைகளைப் பதினான்கு என நிலைப்படுத்தினார். புத்தகம் வேண்டாம்; இலத்தீன் வேண்டாம்; இரண்டு கால்களும் உருகும் நெஞ்சமும் போதும் என்பதனால்தான் அது உலகெங்கும் பரவியது.

முத்துக்குளித்துறையில்

1542இல் புனித சவேரியார் நமது முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவர் தமிழ் அறியாதவர். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களின் துணையால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். ஞாயிறுதோறும் மக்கள் ஒன்றுகூடி விசுவாச அறிக்கையைச் சொன்ன விதத்தை அவரே தம் கடிதத்தில் விவரித்துள்ளார். ஒவ்வொரு பிரிவையும் அவர் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்வர். இதை விசுவசிக்கிறீர்களா என்று அவர் கேட்க, தம் இரு கைகளையும் மார்பின்மேல் சிலுவையாக மடித்து வைத்து, விசுவசிக்கிறோம் என்று உரக்கப் பதிலளிப்பர். எழுத்தறியாத மக்களின் விசுவாச அறிக்கை அவர்களது மார்பின்மேல் எழுதப்பட்டது எனலாம்.

அவர் செய்த மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. நோயுற்றோர் வீடுகளுக்கு வருமாறு நாற்புறமிருந்தும் அழைப்பு வந்தபோது, தாம் ஒருவராக எங்கும் செல்ல இயலாது என உணர்ந்து, செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் சென்று வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகே விசுவாச அறிக்கையையும் செபங்களையும் சொன்னார்கள். கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட உபதேசியார்களையும் ஊர்தோறும் ஏற்படுத்தினார். 1578இல் அன்றீக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். ஆனால் அது மக்கள் தாமே சொல்லிச் செபிக்க வேண்டும் என்ற அதே எண்ணத்தின் பழம்.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் நம் மக்கள் தங்களுக்கென வழிபாட்டுச் செயல்களைப் படைத்துக்கொண்டார்கள். கொடியேற்றம், சப்பரம், தேர்வடம் பிடித்தல், திருத்தலங்களுக்கு நடைப்பயணம், நேர்ச்சை, அசனம், புனித வாரத்துப் பாஸ்கா ஆகியவற்றில் ஊரே பங்கேற்றது. தூத்துக்குடியில் பனிமய அன்னையின் பொன்தேர் 1806இல் முதன்முதலாக இழுக்கப்பட்டபோது, வடம் பிடித்த கைகள் அனைத்தும் செபித்தன என்பதில் ஐயமில்லை. கோவிலுக்குள் பார்வையாளராய் இருந்தவர்கள் தெருவில் பங்கேற்பாளர் ஆனார்கள்.

வேலியான அடையாளங்கள்

இதுவரை கூறியது இனிய கதை. இனி வருவது கசப்பானது.

கைக்கும் காலுக்கும் வழிபாட்டில் இடம் உண்டு என்றால், யாருடைய கைக்கு, யாருடைய காலுக்கு என்ற கேள்வியும் உடனே எழுகிறது. நம் நாட்டில் உடல் என்பது வெறும் உடலாக இருந்ததில்லை; அதன்மேல் சாதி எழுதப்பட்டிருந்தது. ஆகவே எந்தச் செயல்கள் மக்களை ஒன்று சேர்த்தனவோ அவையே மக்களைப் பிரிக்கவும் பயன்பட்டன. யார் எங்கே அமர்வது, யார் முதலில் நற்கருணை வாங்குவது, யார் சப்பரம் தூக்குவது, எந்தத் தெருவரை தேர் வருவது, யாரை எந்தக் கல்லறையில் அடக்கம் செய்வது என்பவையெல்லாம் சாதியின் கணக்கில் எழுதப்பட்டன.

1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி அடிகளார் இந்நாட்டு உடையையும் உணவையும் ஒழுக்கத்தையும் மேற்கொண்டு நற்செய்தியை அறிவித்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறிஸ்தவர்களுக்கு ஏற்கலாம் என 1623இல் உரோமை அனுமதித்தது. பண்பாட்டை மதித்த அவரது துணிவு போற்றத்தக்கதே. ஆனால் அந்தப் பண்பாட்டோடு சாதியும் சேர்ந்தே உள்ளே வந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணையில், தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குருக்கள் அவர்களின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்ற கட்டளையும் அடங்கியிருந்தது. இப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. யுஸ்தின் காலத்தில் வராதவரைத் தேடி நற்கருணை சென்றது. சவேரியார் காலத்தில் சிறுவர்கள் சென்றார்கள். இங்கோ குருவின் கால்கள் ஒரு வாசலின் முன்னே நின்றுவிட்டன.

வடக்கன்குளத்தின் வரலாறு இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோவில் கால்சட்டை வடிவில் இரண்டு கூடங்களாகப் பிரிந்து, பீடத்தருகே மட்டும் ஒன்றுசேருமாறு கட்டப்பட்டது. வெள்ளாளரும் நாடாரும் தனித்தனிக் கூடங்களில் நின்று ஒரே பலியை ஒப்புக்கொடுத்தார்கள். 1910இல் இடையில் இருந்த தடுப்பு அகற்றப்பட்டது. தங்களுக்குத் தனியிடம் வேண்டும் என்று ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆண்டவரின் பந்தியில் யார் எங்கே நிற்பது என்பதை நாட்டின் நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

சங்கமும் பன்னிரண்டு குறிப்புகளும்

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. இறைமக்கள் அந்நியரைப்போலவும் வாய்பேசாப் பார்வையாளரைப்போலவும் இருத்தலாகாது. முழுமையாக, உணர்ந்து, செயல்முறையில் பங்கேற்க வேண்டும் என்று அது பணித்தது. அந்தப் பங்கேற்பின் வழிகளை வரிசைப்படுத்தும்போது பதிலுரைகளையும் பாடல்களையும் மட்டும் அது கூறவில்லை. செயல்கள், சைகைகள், உடல் நிலைகள், உரிய வேளையில் காக்கும் திருமௌனம் ஆகியவற்றையும் சேர்த்தே கூறியது. இந்தப் பின்பகுதியை நாம் படித்தோமா என்பது ஐயமே.

இதைக் கருத்தாய்ப் படித்தவர்களுள் ஒருவர் நம் தமிழ் மண்ணின் மைந்தரான து. ச. அமலோற்பவதாஸ் அடிகளார். 1967இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் முதல் இயக்குநர் அவர். இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, திருப்பலியில் பன்னிரண்டு தழுவியமைப்புகளுக்கு 1969 ஏப்ரல் 25ஆம் நாள் உரோமை ஒப்புதல் அளித்தது. காலணியைக் கழற்றித் தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி ஆழ்ந்து வணங்குதல், ஐந்து உறுப்புகள் நிலம் தோய விழுந்து வணங்குதல், முத்தமிடுவதற்கு மாற்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல், கைகூப்பி அமைதியைப் பகிர்தல், எளிய அங்கி, மெழுகுவர்த்திக்கு மாற்றாக எண்ணெய் விளக்கு, தாம்பாளம், மலராலும் தூபத்தாலும் தீபத்தாலும் ஆரத்தி, மக்கள் தம் உள்ளத்திலிருந்து எழுப்பும் மன்றாட்டு ஆகியன அவற்றுள் அடங்கும்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட இசையைப் பற்றியதன்று. எல்லாம் கண்ணையும் கையையும் காலையும் மூச்சையும் பற்றியவை. சிலுவை மரத்தைக் கண்களால் தொட்ட எருசலேம் மக்களும், திருநூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பாட்டியும் ஒரே உணர்வால் பிணைக்கப்பட்டவர்கள் என்பதை இக்குறிப்புகள் நமக்கு நினைவூட்டின.

யாருடைய பண்பாடு?

எனினும் வரவேற்பு எளிதாக அமையவில்லை. விளக்கும் ஆரத்தியும் பிற சமயக் கோவில்களுக்கு உரியவை என்றே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட மக்கள், ஒரே நாளில் அவற்றைப் பீடத்தின்மேல் கண்டு திகைத்தனர். சிலர் எதிர்த்து எழுதினர். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே எவரும் விளக்கம் தரவில்லை. அவர்களைக் கலந்து பேசவும் இல்லை. மக்களின் பங்கேற்புக்காக வந்த மாற்றம் மக்களைக் கேளாமலே வந்தது என்பது இதிலுள்ள முரண்.

இதைவிட ஆழமான கேள்வி மற்றொரு பக்கத்திலிருந்து எழுந்தது. 1980களிலிருந்து வலுப்பெற்ற தலித் கிறிஸ்தவர்களின் எழுச்சி, இந்த இந்தியப் பண்பாடு யாருடையது என்று கேட்டது. எந்தக் கோவில்களின் வாசலை எங்கள் முன்னோர் மிதிக்க விடப்படவில்லையோ, அந்தக் கோவில்களின் சடங்குமுறைகளே எங்களுக்கும் பண்பாடு என்று தரப்படுகின்றனவே! எங்கள் மண்ணின் வழக்கங்கள், எங்கள் உழைப்பின் அடையாளங்கள் எங்கே? இது எரிச்சலில் பிறந்த கேள்வியன்று. நீதியில் பிறந்த கேள்வி. இதற்குத் தக்க விடையை நாம் இன்னும் முழுமையாகத் தந்துவிடவில்லை. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதியின் பெயரால் பிரிவினை இருப்பது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று கண்டித்தார். அதற்குப் பின்னரும் நம் ஊர்கள் சிலவற்றில் தேர் திரும்பாத தெருக்கள் உண்டு என்பதை அறியாதவர் யார்?

ஆகவே அமலோற்பவதாஸ் அடிகளாரின் முயற்சி தவறு என்று நாம் கூறவில்லை. அவர் திறந்த கதவு சரியான கதவே. அதன் வழியே யார் உள்ளே வந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று பார்க்கும் கடமை நம்முடையது.

நம் பங்குகளுக்கு

இந்த நெடிய வரலாறு நமக்குக் கூறுவது என்ன? வழிபாட்டில் புதுமை என்பது அலங்காரம் அன்று. வேலை இல்லாதவருக்கு வேலை தருவதே புதுமை. அந்த வேலையைப் பகிர்வதில் நீதி இல்லாவிட்டால் எத்துணை அழகிய அடையாளமும் வேலியாகிவிடும்.

எடுத்துக்காட்டாகப் பெரிய வியாழனின் பாதம் கழுவும் சடங்கைக் கொள்வோம். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மாலைத் திருப்பலியோடு இணைக்க வழிசெய்தார். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என ஆணையிட்டார். இறைமக்களின் எல்லாப் பிரிவினரிடமிருந்தும் ஆட்களைத் தெரிந்தெடுக்கவும் வழிவகுத்தார். நம் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் அமர்வோர் யார்? ஆண்டுதோறும் அதே பெரிய மனிதர்களா? துப்புரவுப் பணியாளரின் பாதம் அங்கே நீட்டப்பட்டதுண்டா? கைம்பெண்ணின் பாதம்? ஒரு சொல்கூடப் பேசாமல், ஒரு பாட்டும் பாடாமல், அந்தத் தண்ணீர் ஊருக்கே மறையுரை ஆற்றிவிடும்.

காணிக்கைப் பவனியில் கடையில் வாங்கிய பழத்தட்டுக்குப் பதிலாக அவரவர் உழைப்பின் பலனை அவரவர் கையாலேயே கொண்டுவரலாம். நெற்கதிரும், மீன்வலையும், செங்கல்லும், தையல்காரரின் நூல்கண்டும் பீடத்தை நோக்கி நடக்கட்டும். குத்துவிளக்கை ஏற்றச் சிறப்பு விருந்தினரைத் தேடாமல் பங்கின் மிக முதிய ஏழையை அழைக்கலாம். விசுவாசிகளின் மன்றாட்டை அச்சிட்ட தாளிலிருந்து வாசிக்காமல், அந்த வாரத்தின் கண்ணீரை அறிந்தவர் சொல்லட்டும். மறையுரைக்குப் பின்னும் நற்கருணைக்குப் பின்னும் சிறிது நேரம் எல்லாரும் மௌனம் காக்கட்டும்; செவிகேளாதவரும் செவியுடையவரும் முழுச் சமமாய் இருக்கும் வேளை அது ஒன்றே. தேர் எல்லாத் தெருவுக்கும் செல்லட்டும். எல்லாக் கையும் வடத்தில் படட்டும்.

திருப்பலி முடிந்ததும் சவேரியார் அனுப்பியதுபோல நம் பிள்ளைகளையும் நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்புவோம். எந்த வாசலிலும் அவர்கள் தயங்கி நிற்க வேண்டாம். அங்கே படுத்திருப்பவர் பாட முடியாதவராக இருக்கலாம். எழுந்து உட்காரவும் இயலாதவராக இருக்கலாம். ஒரு சிறுவனின் கை அவர் நெற்றியில் சிலுவை வரையும்போது, அந்த வீடும் கோவிலின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. எருசலேம் பவனியைப்போல நாமும் மெல்ல மெல்ல நடப்போம். கடைசியாக வருகிறவரையும் விட்டுவிடாமல் நடப்போம்.